விழ மாட்டேன் என்று சொன்னவன்

புதிதாக விசில் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சீசன் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் நடக்கும் நடுவர்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'நடித்து விழுகிறவனைக் கண்டுபிடிப்பது எப்படி?' எனக்கு மேடையில் பேச வராது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, லீவு நாளெல்லாம் மைதானத்தில் ஊதியவன் நான். ஊதித்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்துவிடுங்கள். டீயும் வடையும் வருவதற்கு முன்னால் வாசித்தால் புண்ணியம்.

விதிப் புத்தகத்தில் இருப்பதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீங்கள் போன மாதம்தான் பரீட்சை எழுதியவர்கள், என்னைவிட நன்றாகவே ஒப்பிப்பீர்கள். நான் சொல்லப் போவது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம். அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்தது சரியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் பெரிய ஆளாகிவிடுவேன் என்று காத்திருக்காதீர்கள்.

சாரல் காலத்தில் தென்காசியில் நடக்கும் அழைப்புக் கால்பந்துப் போட்டி உங்களுக்குத் தெரியும். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் தோளில் துண்டுமாக வந்து ஆட்டம் பார்க்கிற கூட்டம். மேகம் மலையை மறைத்துக்கொண்டு கிடக்கும். தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். இந்தத் தரையில் எல்லாரும் விழுவார்கள். நானே விழுந்திருக்கிறேன். ஆகவே வழுக்கி விழுந்தவன் யார், தள்ளிவிடப்பட்டவன் யார், நடிக்கிறவன் யார் என்று பிரிப்பதுதான் இங்கே நடுவருக்குப் பெரிய தலைவலி.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆளைப் பார்க்க மாட்டேன், தரையைப் பார்ப்பேன். வழுக்கியவன் குதிகாலால் நீளமாக ஒரு கோடு இழுத்திருப்பான். நடிக்கிறவனுக்கு அடிபடக் கூடாது என்ற கவலை இருக்கும். இரண்டு முழங்காலையும் பதமாக ஊன்றித்தான் இறங்குவான், புல் அமுங்கியிருக்கும், அவ்வளவுதான். நிஜமாகவே காலைத் தட்டிவிடப்பட்டவன் ஷூ முனையால் மண்ணைத் தோண்டியிருப்பான், புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். புத்தகத்தில் இது கிடையாது. என் கண்டுபிடிப்பு. பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்ட காலம் உண்டு.

இசக்கிமுத்து என்று ஒரு ஆட்டக்காரன். ராயகிரிக்காரன், முன்களத்தில் ஆடுவான். சம்பளத்துக்கு ஆடும் கிளப்புகளில் ஐந்தாறு வருஷம் ஆடியவன். சீசன் ஆட்டங்களுக்கு மட்டும் ஊருக்கு வருவான். நல்ல வேகம். பந்தைக் காலில் ஒட்டவைத்தது போலக் கொண்டு போவான். ஆனால் பெனால்டி எல்லைக்குள் நுழைந்தால் காற்று பட்டாலே சாய்ந்துவிடுவான். ஆட்டத்துக்கு ஐந்து தடவை விழுவான் என்று கூட்டம் அவனுக்குத் தாங்கள் குளித்துவிட்டு வரும் ஐந்தருவியின் பேரையே வைத்திருந்தது. பந்து அவனிடம் போனாலே "ஐந்தருவி! ஐந்தருவி!" என்று கத்துவார்கள்.

முந்தின வருஷ அரையிறுதியில் அவன் என்னை ஏமாற்றினான். கடைசி நிமிஷம், எல்லைக்குள் விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். பெனால்டி கொடுத்தேன், அவன் அணி ஜெயித்தது. மறுநாள் காலையில் ஊரெல்லாம் செல்போனில் வீடியோ. அவனுக்கும் தடுக்க வந்தவனுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, அந்த இடைவெளியில டவுன் பஸ் போவும்லா!" என்றார். ஆபீஸில் என் மேஜைக்கு முன்னால் ஒருத்தர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து காட்டினார். தாசில்தாரே சிரித்தார். ஒரு மாதம் இதே கூத்து. நான் கோபக்காரன். வெளியே சிரித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் இறுதி ஆட்டம், நடுவர் நான். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஷூக்களைச் சோதிக்கும்போது இசக்கிமுத்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் விழ மாட்டேன்."

"ஏலே, நீ விழலைன்னா சாரல் நின்னு போவும்லே."

அவன் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் நீல மழைக்கோட்டும் குடையுமாக உட்கார்ந்திருந்த ஒருவரைக் காட்டினான். கேரளாவில் ஒரு கிளப்பின் பயிற்சியாளராம், இவனைப் பார்க்கவே வந்திருக்கிறாராம்.

"பழைய கிளப்ல என்னை விட்டுட்டாங்க அண்ணாச்சி. இவருக்கு என் ஆட்டம் பிடிச்சிருக்கு, விழுத பழக்கம்தான் பிடிக்கல. ஒரு ஆட்டம் விழாம ஆடிக் காட்டு, கையெழுத்துப் போட்டுக்கிடலாம்னு சொல்லுதாரு. இருபத்தெட்டு ஆவுது எனக்கு. இது போச்சுன்னா பொறவு எவன் கூப்பிடப் போறான்?"

"பாப்போம், பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவன் ஷூவைப் பார்க்கப் போனேன். அவன் சொன்னதை நான் நம்பவில்லை. இதுவும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்தேன்.

ஆனால் விழவில்லை. முதல் பாதியில் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தடுமாறினான், ஓடினான். இரண்டாம் பாதியில் பின்னாலிருந்து ஒரு இடி. சாய்ந்தவன் கையை ஊன்றி எழுந்து பந்தைத் துரத்தினான். அவன் விழவில்லை என்பதால் நானும் ஊதவில்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன். அப்போது என் மனதில் ஓடியது வேறு. பயல் சேர்த்து வைக்கிறான், கடைசியில் ஒன்று வைத்திருக்கிறான், இந்த முறை நான் ஏமாற மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இசக்கிமுத்து இடது பக்கமாக உடைத்துக்கொண்டு எல்லைக்குள் நுழைந்தான். தடுப்பாட்டக்காரர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் அவர்களுக்கும் குறுக்கே இன்னொரு ஆள். இசக்கிமுத்து விழுந்தான்.

அவன் உடம்பு தரையைத் தொடுவதற்குள் மஞ்சள் அட்டை என் கையில் இருந்தது. எப்போது சட்டைப் பைக்குள் கை போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊதினேன், அட்டையை உயர்த்தினேன். பெனால்டி இல்லை, நடித்ததற்கு எச்சரிக்கை, எதிரணிக்கு ஃப்ரீ கிக். கூட்டம் "ஐந்தருவி!" என்று ஆரவாரம் போட்டது. ஒரு வருஷக் கடன் தீர்ந்த மாதிரி எனக்கு அவ்வளவு நிம்மதி.

அவன் உருளவில்லை. கத்தவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பட்டுச்சு அண்ணாச்சி" என்றான்.

"எந்திலே. நடிச்சது போதும்."

அப்போதுதான் கோட்டோரத்தில் கொடி உயர்ந்திருப்பதைப் பார்த்தேன். அன்று எனக்குத் துணை நடுவர் பகவதி. செங்கோட்டையில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது இளையவள். கொடியை அநாவசியமாகத் தூக்க மாட்டாள், தூக்கினால் இறக்கவும் மாட்டாள். அவளிடம் நடந்தேன். போகிற வழியில்தான் அவன் விழுந்த இடம். ஒரு சாண் நீளத்துக்கு மண் தோண்டியிருந்தது. புல் வேரோடு கிடந்தது. நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற அதே தடம். அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

"அண்ணாச்சி, கால்ல நல்லா பட்டிருக்கு. எனக்கு நேரே நடந்துது."

"கார்டு காட்டியாச்சு, பகவதி."

"காட்டுனா என்ன? இன்னும் ஆட்டம் தொடங்கலேல்லா. எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டு பெனால்டியக் குடுங்க."

அவள் சொன்னது சரி. ஆட்டம் மறுபடி தொடங்காதவரை நடுவர் தன் முடிவை மாற்றலாம். பரீட்சையில் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். பதில் எனக்கும் தெரியும். ஆனால் அங்கே நின்றபோது எனக்குப் புத்தகம் ஞாபகம் வரவில்லை. டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தார். மேஜைக்கு முன்னால் விழுந்து காட்டியவர் ஞாபகம் வந்தார். இப்போது மாற்றினால், ஐந்தருவி மறுபடியும் இவரை முட்டாளாக்கிட்டான் என்று ஊர் சொல்லும். அதற்கு நான் தயாராக இல்லை.

"என்ன பாக்கீய?" என்றாள் பகவதி.

நான் திரும்பினேன். கோல்கீப்பரிடம் பந்தை வைக்கச் சொல்லி விசிலை ஊதினேன்.

என் தப்பு எது என்று கேட்டால், பலரும் அட்டை காட்டியதைச் சொல்வார்கள். இல்லை. கண்ணை மறைத்த ஆளையும் கோபம் மறைத்த புத்தியையும் மன்னிக்கலாம். மண்ணையும் பார்த்து, பகவதி சொன்னதையும் கேட்ட பிறகு ஊதினேனே, அந்த இரண்டாவது விசில்தான் என் தப்பு. முதலாவது பிழை. இரண்டாவது பொய்.

ஊதிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தேன். நீல மழைக்கோட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். இசக்கிமுத்துவும் அதைப் பார்த்தான். மீதி நேரம் நொண்டிக்கொண்டே ஆடினான். அவன் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து அறிக்கையில் 'ஏமாற்றும் நோக்கத்துடன் விழுந்தார்' என்று எழுதினேன். பகவதி தோளுக்கு மேலாக நின்று வாசித்தாள். கொடியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு செங்கோட்டை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனேன். பெரிய ஆட்டத்துக்கு மறுநாள் தண்ணீர் விழும் இடத்தில் இடுப்பைக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். வரிசையில் நகர்ந்து உள்ளே போனால், ஓரத்தில் துண்டோடு இசக்கிமுத்து. வலது காலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றான். கணுக்காலுக்கு மேலே, முன்காலில் கட்டும் பேட் மறைக்காத இடத்தில், ஷூவின் அடிக்குமிழ்கள் வரிசையாகப் பதிந்து கன்றிப்போயிருந்தன. சுற்றிலும் வீங்கியிருந்தது. இதற்கு மேல் எனக்கு எந்த வீடியோவும் தேவைப்படவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். பாசியில் வைத்துவிட்டேன். கால் போய்விட்டது. தலை பாறையில் மோதியிருக்கும். அதற்குள் ஒரு கை என் புஜத்தைப் பிடித்து இழுத்தது.

"பாத்து அண்ணாச்சி, இங்கன வழுக்கும்."

அடிபட்ட காலை ஊன்றித்தான் என்னைப் பிடித்திருந்தான். முகம் வலியில் சுருங்கியது. நான் நிஜமாகத்தான் வழுக்கினேனா என்று அவன் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அந்தக் கோச் எங்கலே இருக்காரு?"

"செங்கோட்டையில ரூம் போட்டிருந்தாரு. கொல்லம் வண்டிக்குக் கிளம்பியிருப்பாரு. எதுக்குக் கேக்கீய?"

ஈரத்துணியை அப்படியே பிழிந்து, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் டிரைவரை விரட்டினேன். செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடித்தேன். மழைக்கோட்டைக் கம்பியில் காயப்போட்டிருந்தார்.

"நேத்து ஊதுன ரெஃபரி சார் நான். அந்தப் பையன் நடிக்கல. ஃபவுல்தான். நான் தப்பாக் கொடுத்துட்டேன்."

அவர் என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"எப்ப மனசிலாயி சாரே? இன்னைக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதுவரை சொன்னது போதும் என்று தோன்றியது.

"இல்ல சார். நேத்தே. ஃப்ரீ கிக் எடுக்கதுக்கு முன்னாடியே."

அவர் நிதானமாகச் சொன்னார். "நீங்க அந்த மேடத்துக்கிட்டப் பேசினப்போ ஞானும் எழுந்து நின்னு. முடிவு மாறும்னு கருதி. மாறல. அத்தன தூரத்துல, சாரல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. நடுவர் பக்கத்துல நிக்கிறார், அவர் சொன்னா சரின்னு ஞான் கிளம்பிப் போயி. நேத்தைக்கே வேற ஒரு ஆளுக்கு வாக்கு கொடுத்தாச்சு."

"ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க சார்."

"யோசிக்கிறது இருக்கட்டே. நேத்து ஊதின ரெஃபரியை நம்பியதுக்கு இது பலன். இன்னைக்கு ஓடி வந்த ரெஃபரியை நம்பி ஞான் எந்தா செய்யணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பார பெஞ்சில் ஈரத்துணியோடு உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அங்கிருந்து நேராகப் பகவதியின் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு தாள் வாங்கினேன். நடந்ததை நடந்தபடி இரண்டாவது அறிக்கையாக எழுதி, அவளையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிச் சங்கத்துக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நேத்து எழுதியிருந்தா ஒரு தாள் மிச்சம்" என்று மட்டும் சொன்னாள். சங்கம் அந்த சீசன் முழுக்க என்னை ஒதுக்கி வைத்தது. சரியாகத்தான் செய்தார்கள். இசக்கிமுத்துவிடம் கையெழுத்து வாங்க எந்தக் கிளப்பும் அந்த வருஷம் வரவில்லை. என் அறிக்கையைப் படித்து யாரும் அவனைக் கூப்பிடவுமில்லை.

அடுத்த சாரலில் மறுபடி அவன் ஆட்டம் ஒன்று எனக்கு வந்தது. இப்போது அவன் உள்ளூர் அணிக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தான். ஐந்தருவி என்று கத்துகிறவர்கள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லைக்குள் பந்தோடு போனான். பின்னாலிருந்து ஒருவன் அவன் குதிகாலை உதைத்தான். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இசக்கிமுத்து விழவில்லை. இரண்டு அடி தள்ளாடி, நொண்டியபடியே பந்தைத் தட்டினான். அது உருண்டு கோல்கீப்பர் கைக்குப் போனது.

முந்தின வருஷம் சட்டையை இழுத்தபோதும், பின்னாலிருந்து இடித்தபோதும் இப்படித்தான் நின்றான். நான் ஊதவில்லை. நிற்கிறவனுக்கு நாம் ஊதுவதில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர்கள் விழக் கற்றுக்கொள்கிறார்கள். விழுந்து காட்டினால்தான் நமக்குக் கண் தெரிகிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். எனக்குக் கொடுத்த தலைப்புக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். விழுகிறவனைத் தேடுவதற்கு முன்னால், அடிபட்டும் நிற்கிறவனைத் தேடுங்கள்.

ஊதினேன். பெனால்டி புள்ளியைக் காட்டினேன். எதிரணிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். இசக்கிமுத்துதான் எல்லாரையும்விட அதிகமாகத் திகைத்து நின்றான்.

"நான் விழலையே அண்ணாச்சி?"

"பட்டுச்சுல்லா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்துவிட்டு, பின்னால் நடந்து, ஓடி வந்து, கம்பத்துக்கு மேலே அடித்தான். பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. அது அவன் வேலை. என் வேலையை நான் ஒரு வருஷம் தாமதமாகச் செய்து முடித்திருந்தேன்.